ஷிப்டுக்கு முன்னால் திறக்கும் பள்ளிக்கூடம்

பயிற்சி வகுப்பு என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏதாவது ஒரு கூடத்தில் எங்களை உட்காரவைத்து, குழுவுக்கு ஒரு சார்ட்டும் நாலு ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, ‘நல்ல தலைவர் எப்படி இருப்பார்? ஒரு மரமாக வரையுங்கள்’ என்பார்கள். வேரில் நேர்மை, தண்டில் உழைப்பு, கிளையில் கனிவு என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுவோம். கணக்கு டீச்சராக நான் இத்தனை வருஷத்தில் வரைந்த மரங்களை மண்ணில் நட்டிருந்தால் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு காடே வளர்ந்திருக்கும்.

ஆகவே எங்கள் நடுநிலைப் பள்ளிக்குப் புதிதாக ஒரு தலைமையாசிரியை வருகிறார் என்றதும் நான் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. என்னைவிட வயதில் சின்னவர். செட்டியார்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். எல்லோர் முன்னாலும் என்னை ‘டீச்சர்’ என்பார், தனியே இருக்கும்போது ‘அக்கா’ என்பார். இந்த ‘அக்கா’ எனக்கு முதல் வாரம் பிடிக்கவில்லை. வேலை வாங்குவதற்காக அக்கா போடுகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

எங்கள் பள்ளி ராஜபாளையத்தின் ஓரத்தில், பேண்டேஜ் ஷெட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றும் வெள்ளைத் துணி இருக்கிறதே, அதை நெய்து, வெளுத்து, வெட்டி, மடித்துப் பொட்டலம் போடுகிற ஷெட்டுகள். தறிச் சத்தம் எங்கள் வகுப்பறைக்குள் நாள் முழுக்கக் கேட்கும். பஞ்சுத் தூசி பறந்து வந்து கரும்பலகை மேல் உட்காரும். பிள்ளைகளில் பாதிப்பேருடைய அம்மாக்கள் அந்த ஷெட்டுகளில்தான் வேலை பார்க்கிறார்கள். முதல் ஷிப்டு காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும், மதியம் இரண்டுக்கு முடியும்.

எங்கள் பள்ளியின் வியாதி என்னவென்று எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் பத்தரைக்கு வருவார்கள், அல்லது வரமாட்டார்கள். வந்தவர்களை நாங்கள் வாசலில் நிறுத்தித் திட்டுவோம். திட்டுக்குப் பயந்து மறுநாள் அவர்கள் வரமாட்டார்கள். பிறகு ஒரு நாள் பெயரை அடித்துவிடுவோம். ‘படிப்பில் அக்கறை இல்லாத ஜனங்கள்’ என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வதும் உண்டு. அந்தப் பேச்சைப் பேச எங்களுக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை.

புதிய ஹெச்.எம். வந்த முதல் வாரம் ஒரு மீட்டிங் போடவில்லை, ஒரு உத்தரவு போடவில்லை. விடியற்காலையில் ஷெட்டுத் தெருவில் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றார் என்று ஊரில் சொன்னார்கள். இந்த அம்மாவுக்கு வீட்டில் வேலை இல்லையா என்று நானே கேட்டேன். வாரக் கடைசியில் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். “அம்மா ஆறு மணி ஷிப்டுக்குப் போயிருதாக. அங்கன்வாடி தொறக்க ரொம்ப நேரம் ஆகும். அது வரைக்கும் அந்த மூத்த பொம்பளப் பிள்ளதான் வீட்டுக்கு அம்மா. தம்பி தங்கச்சிய அங்க விட்டுட்டு ஓடி வந்தா, நாம வாசல்ல நிறுத்தி வையுதோம்.”

“அதுக்கு நாம என்ன செய்ய முடியும்?” என்றேன்.

“பள்ளிக்கூடக் கேட்ட ஆறு மணிக்கு முன்னாடியே தொறந்துருவோம். தம்பி தங்கச்சியையும் கூட்டிக்கிட்டே வரட்டும்.”

நான் ஒற்றைக் காலில் நின்று எதிர்த்தேன். பள்ளியில் சேராத குழந்தையை உள்ளே விட எந்த விதியும் இல்லை. ஒரு குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்தால் யார் பதில் சொல்வது? ஒரு குழந்தை கேட்டைத் தாண்டி லாரிப் பக்கம் ஓடினால்? எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க சொல்லுதது எல்லாம் சரிதான் அக்கா. அதனாலதான் சாவி எங்கிட்ட மட்டும் இருக்கட்டும். ஏதாவது ஆச்சுன்னா என்னோட போகட்டும். உங்க யாரு பேரும் இதுல வரப்படாது” என்றார்.

 இப்படிப் பேசுகிற ஒரு மேலதிகாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. கோபமும் வந்தது, இவர் ஒருத்தர் மட்டும் தியாகி ஆகப் பார்க்கிறாரா என்று. ஆனால் கோபத்தைவிட மரியாதை ஒரு படி கூடுதலாகவே இருந்தது.

கேட் அஞ்சே முக்காலுக்குத் திறந்தது. முதல் சில நாள் யாரும் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மாக்கள் ஷெட்டுக்கு ஓடுகிற ஓட்டத்தில் பிள்ளைகளைக் கேட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். வேப்பமரத்தடியில் பாய் விரித்துச் சின்னதுகள் மறுபடி தூங்கும். பக்கத்தில் உட்கார்ந்து அக்காமார் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். காலை உணவு சமைக்க வரும் பெண்கள் சட்டியில் கொஞ்சம் கூடவே கிண்டினார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஷெட்டுகளுக்கு ஞாயிறுதான் விடுமுறை என்பதால் சனிக்கிழமையும் கேட் திறந்தது. சனிக்கிழமை எங்களில் யாரையும் அவர் கூப்பிடவில்லை. தனியே உட்கார்ந்து, இரண்டு மணிக்குக் கடைசிப் பிள்ளையை அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. ஒரு பெண்பிள்ளை ஒரு நாள் வரவில்லை என்றால் அன்று சாயங்காலமே அவள் வீட்டு வாசலில் நிற்பார். “ஒரு நாள்தான மேடம்” என்று அம்மாக்கள் இழுப்பார்கள். “ஒரு நாள்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீக” என்று ஒரே போடாகப் போடுவார். ஷெட்டுத் தெருவில் அவர் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள் என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிப்பார், ஆனால் மறுநாளும் போவார்.

விடியற்காலையில் கேட்டுக்கு வந்தவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை. அம்மா ஷெட்டில் துணி வெட்டுகிறவர். நாலு வயது முடிந்த ஒரு தம்பி. அவனை அவள் ‘தம்முடு’ என்று கூப்பிடுவாள், தெலுங்கில் தம்பி. கேட்டுக் கேட்டு எங்கள் எல்லோருக்கும் அவன் தம்முடு ஆகிவிட்டான். வருஷக்கணக்காகப் பத்தரைக்கு வந்துகொண்டிருந்த பெண், இப்போது கேட் திறக்கும் முன்பே தம்முடுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

கணக்கில் அவளுக்கு இருந்த வேகத்தை நான் அதற்கு முன் கவனித்ததே இல்லை. கணக்குப் பாடம் முதல் பீரியடில் முடிந்த பிறகுதானே அவள் வருவாள். மடியில் தம்பி தூங்க, ஒரு கையால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சமன்பாடு போடுவாள். விடை சரியாக வந்தாலும் விடமாட்டாள். “டீச்சர், ஏன் இந்தப் பக்கம் போனா மட்டும் மைனஸ் ஆகுது? யாரு சொன்னா?” என்பாள். “நான் சொன்னேன், போடி” என்று விரட்டுவேன். பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்று யோசித்துக்கொண்டே போவேன். அந்த சந்தோஷம் எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்தது. நடுவில் எங்கோ போயிருந்தது.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புவரைதான். அதற்கு மேல் படிக்க டவுனுக்குள் இருக்கும் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அவள் தெருவில் இருந்து எந்தப் பெண்ணும் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதில்லை. இந்தப் பிள்ளையை ஒன்பதில் உட்காரவைத்துவிட வேண்டும் என்பதுதான் அந்த வருஷம் ஹெச்.எம்.முடைய ஒரே பிடிவாதம். டவுன் பள்ளியில் போய் முன்கூட்டியே பேசிவைத்தார். அவள் அம்மாவிடம் மூன்று நாலு தடவை பேசி, ‘சரி மேடம், உங்க இஷ்டம்’ என்ற வார்த்தையை வாங்கியும்விட்டார். இந்த ஒருத்தி போய்விட்டால் அவளுக்குப் பின்னால் தெருவே போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன்.

இதற்குள் கேட் விஷயம் வெளியே பரவிவிட்டது. யாரோ விடியற்காலையில் வீடியோ எடுத்து வாட்சப்பில் போட்டார்கள். அதிகாரிகள் வந்தார்கள். விதியைப் பற்றிக் கேட்பார்கள் என்று நான் பதிலை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டு நின்றேன். அவர்களோ வேப்பமரத்தடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ‘பிரமாதம்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் தகவல் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தலைமையாசிரியர்களுக்கு ஒரு பெரிய பயிற்சி, ‘மாற்றத்தை உருவாக்கும் பள்ளித் தலைமை’ என்று. அதில் எங்கள் ஹெச்.எம்.முக்குப் பாராட்டு விழா. எங்கள் ஆசிரியர்கள் அனைவரும் வர வேண்டும், எங்கள் பிள்ளைகள் வரவேற்பு நடனம் ஆட வேண்டும். நாள், சனிக்கிழமை.

“சனிக்கிழமையா? பிள்ளைக வருமே” என்றுதான் அவர் முதலில் சொன்னார். வேறு நாள் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தார். ஆனால் எங்கள் பள்ளிக்கு ஃபேன் மாட்டிக்கொடுத்து, சுவருக்கு வெள்ளையடித்து, பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டிக்கொடுத்த ஷெட் முதலாளி ஒருவர் இருந்தார். விழாவுக்கு வேன் ஏற்பாடு அவருடையது. “மேடம், இது உங்களுக்கு மட்டும் மரியாதை இல்ல, நம்ம ஏரியாவுக்கே மரியாதை” என்று வந்து நின்றார். அவர் முகத்தை எப்படி முறிப்பது?

“நீங்க போங்க. நான் இருந்து பாத்துக்கிடுதேன். சாவியக் குடுத்துட்டுப் போங்க” என்றேன்.

“வேண்டாம் அக்கா. நான் இல்லாத அன்னைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உங்க தலையில விடியும். ஒரு நாள்தான, சமாளிச்சுக்கிடுவாக.”

அவர் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்தது அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. ஆனால் அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததையும் பார்த்தேன். விடிகாலை எழுந்து எழுந்து ஆள் பாதியாகியிருந்தார். ஒரு சனிக்கிழமை இந்த மனுஷிக்குக் கிடைக்கட்டுமே என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பிரேயரில் அறிவித்தார். நாளைக்குக் கேட் திறக்காது, நடனத்துக்குப் போகிறவர்கள் வேனுக்கு வந்தால் போதும், மற்றவர்கள் வீட்டில் இருங்கள். அந்தப் பெண் நடனத்தில் இல்லை. தம்முடுவை விட்டு ஒத்திகைக்கு நிற்க முடியாது என்று அவளே விலகிக்கொண்டவள். பிரேயர் முடிந்ததும் முன்னால் வந்து, “மேடம், எங்கம்மாவுக்கு நாளைக்கு ஷிப்டு உண்டே?” என்று கேட்டாள். “நாளைக்கு ஒரு நாள் மட்டும் எப்படியாவது பாத்துக்கிடச் சொல்லு தாயி” என்றார் ஹெச்.எம். அவள் தலையை ஆட்டிவிட்டு வரிசைக்குப் போனாள்.

விழாவைப் பற்றி நான் குறை சொன்னால் அது பொய். கதவு அகலத்துக்கு அவர் முகம் போட்ட பேனர். மேளம். எங்கள் பிள்ளைகள் பவுடர் வழிய வழிய ஆடினார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் திரையில் படம் போட்டுப் பேசினார். நல்ல தலைவர் தன் கனவைப் பிறர் கனவாக ஆக்குவார், அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் பகிர்ந்து கொடுப்பார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் திரையில் எங்கள் கேட் வந்தது. விடியற்காலை இருட்டில் ஆவென்று திறந்து கிடக்கும் கேட். எல்லோரும் கை தட்டினார்கள். ஷெட் முதலாளி மைக்கைப் பிடித்து, “எங்க ஷெட்டுல பொம்பளைக நிம்மதியா வேல பாக்காகன்னா அது இந்த மேடத்தாலதான்” என்றார். அவர் ஹெச்.எம்.முக்குப் பொன்னாடை போர்த்தியபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த டீச்சர் பார்த்துவிடக் கூடாது என்று பால்கோவாப் பெட்டியைக் குனிந்து பிரித்தேன். ஹெச்.எம். மட்டும் மேடையில் உட்கார்ந்து அடிக்கடி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அந்தப் பெண் வரவில்லை. தம்முடுவும் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்றேன்.  சாயங்காலம் ஹெச்.எம். ஸ்கூட்டியை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஷெட்டுக்குப் பின்னால் வரிசை வீடு. ஒற்றை அறை. அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் உள்ளே சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளையாகப் பஞ்சுத் தூசி. எங்கள் பள்ளியில் அதற்கு விளக்கம் கேட்க வேண்டியதில்லை. அது எங்கேயிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை நடந்ததை அம்மாதான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரியும் அதே ஷிப்டு. பிள்ளைகளை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. முன்னொரு தடவை அப்படிப் போனபோது தம்முடு அடுப்புப் பக்கம் போயிருக்கிறான். லீவு போட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள். அதனால் இரண்டு பேரையும் ஷெட்டுக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சும்மா உட்கார்ந்திருந்தவள் பக்கத்தில் மடிக்கிறவர்களைப் பார்த்து மடிக்க ஆரம்பித்திருக்கிறாள். மதியத்துக்குள் கை படிந்துவிட்டது. திங்கட்கிழமையும் வரட்டுமே என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.

“கோவிச்சுக்கிடாதீக மேடம்” என்றார் அம்மா. “நீங்க எம்புட்டு செஞ்சிருக்கீகன்னு எனக்குத் தெரியும். ஆனா யோசிச்சுப் பாத்தேன். நீங்க ஒரு ஆளு. ஒரு ஆளுக்கு மேலுக்கு முடியாம வரும், கல்யாணம் காச்சி வரும், மாத்தல் வரும். அன்னைக்கெல்லாம் நான் இதுகள எங்க விட? ஷெட்டுன்னா எங் கண்ணு முன்னால இருக்குதுக. அது மழைன்னாலும் தொறந்திருக்கு, சனிக்கிழமைன்னாலும் தொறந்திருக்கு.”

“ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்புதேன்னு சொன்னீகளே?” என்றார் ஹெச்.எம். 

“சொன்னேன். அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துல யாரு ஆறு மணிக்குக் கேட்டுத் தொறக்கா? இவ அங்க போயிட்டா உங்க கேட்டுக்குள்ள தம்முடுவ மடியில வச்சுப் பாத்துக்கிட யாரு இருக்கா?”

எனக்குப் பொறுக்கவில்லை. “சின்னப் பிள்ளைய வேலைக்கு வைக்கப்படாதுன்னு சட்டம் இருக்கு, தெரியுமாம்மா?” என்று சத்தம் போட்டேன்.

“தெரியும் டீச்சர். காலைல அந்தச் சட்டத்துக்கிட்ட பிள்ளைய விட்டுட்டுப் போக முடியுமா?”

அந்தம்மா எகத்தாளமாகச் சொல்லவில்லை. கஞ்சி வடித்த சட்டியை இறக்கிவைத்துவிட்டு எங்களுக்கு டீ போடப் போனார். நாங்கள் அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தோம்.  பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிடும்போது ஹெச்.எம்., “மூணு நாலு தடவ போய்ப் பேசினேன் அக்கா. ஹைஸ்கூல் போனா தம்முடு என்ன ஆவான்னு நான் ஒரு தடவகூட யோசிக்கல” என்றார்.

விழாவுக்கு வேன் கொடுத்த அதே முதலாளியின் ஷெட்தான் அது; மறுநாள் இருவரும் அவரைப் பார்க்கப் போனோம். மேசைக் கண்ணாடிக்கு அடியில் விழா போட்டோவைச் சொருகி வைத்திருந்தார். ஹெச்.எம். உட்காரவில்லை, நின்றபடியே பேசினார். உங்கள் ஷெட்டில் என் பிள்ளை இருக்கிறாள், அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் புகார் கொடுப்பேன் என்றார். கழிப்பறையும் ஃபேனும் என் மனக்கண்ணில் வந்து போயின. ஹெச்.எம். அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. “நானா கூப்புட்டேன் மேடம்? தாய்கூட வந்து உக்காந்திருக்கு. சரி விடுங்க, நாளைல இருந்து உள்ள விட வேண்டாம்னு சொல்லிருதேன்” என்றார் முதலாளி, சிரித்த முகமாகவே.

சொன்னபடி செய்தார். மறுநாளிலிருந்து அவளை ஷெட்டுக்குள் விடவில்லை. துணி மூட்டை அவள் வீட்டுக்குப் போனது. வீட்டில் உட்கார்ந்து மடித்துக் கொடுத்தால் போதும் என்று ஏற்பாடாகிவிட்டது. தம்முடுவும் பக்கத்திலேயே இருந்தான். அம்மா நிம்மதியாக ஷிப்டுக்குப் போனார். புகார் கொடுப்பதானால் இனி யார் மேல் கொடுப்பது? அம்மா மேல்தான் கொடுக்க வேண்டும்.

ஹெச்.எம். விடவில்லை. பல வாரம் சாயங்காலம் சாயங்காலமாகப் போனார். முதலில் கதவு திறந்திருந்தது. பிறகு ஒருக்களித்திருந்தது. பிறகு உள்ளே டிவி சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நாள் அந்தப் பெண்ணே வெளியே வந்து, “இனி வராதீக மேடம். நீங்க வந்துட்டுப் போனா எங்கம்மா சாப்பிட மாட்டேங்கா” என்றாளாம். இதை என்னிடம் சொல்லிவிட்டு அவர் ஆபீஸ் ரூமில் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் தோளைத் தொட்டேன். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரமே சாவிக்கு நகல் எடுத்து எனக்கு ஒன்று, சமைக்க வரும் பெண்ணுக்கு ஒன்று என்று கொடுத்தார். ஏதாவது ஆனால் எல்லோருமாகச் சேர்ந்து பதில் சொல்வோம் என்று மீட்டிங்கில் பேசினார். அங்கன்வாடியை முன்னதாகத் திறக்க முடியுமா என்று அலைந்தார்; அது அலைச்சலோடு நின்றது. சனிக்கிழமை முறை வைத்துக்கொண்டோம். என் முறை வரும் நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவேன், முட்டி வலியைத் திட்டிக்கொண்டே. மற்ற பெண்கள் வந்தார்கள். வேப்பமரத்தடியில் பாய்கள் நிறைந்துதான் இருந்தன. யாராவது வெளியூர்க்காரர் வந்து பார்த்தால் எங்கள் பள்ளிக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது.

எட்டாம் வகுப்பில் யாரையும் ஃபெயில் போடுவதில்லை. அவளுக்கும் ஒன்பதாம் வகுப்புக்கு டி.சி. தயாராகி ஆபீஸ் பீரோவில் கிடந்தது. மற்ற பிள்ளைகள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் வரவில்லை. கோடை விடுமுறை முடிந்தது.

ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. அம்மாக்களும் அப்பாக்களும் வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஹெச்.எம். பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அடுத்து நிற்பது அவள். கொஞ்சம் உயர்ந்திருந்தாள். அம்மாவின் பழைய சுடிதாரோ என்னவோ, தோளில் தொங்கியது. கையில் தம்முடு, தலையில் எண்ணெய் வழிய, புது டவுசரோடு.

ஹெச்.எம். முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. “வா தாயி! டி.சி. வாங்க வந்தியா? உள்ளதான் வச்சிருக்கேன், இந்தா எடுத்துட்டு வாரேன்” என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“இல்ல மேடம். தம்முடுவச் சேக்க வந்தேன்.”

எழுந்தவர் அப்படியே நின்றார். “அம்மா வரலியா?” என்று நான்தான் கேட்டேன்.

“அம்மாவுக்கு ஷிப்டு டீச்சர். எனக்கு இன்னைக்கு மட்டும் ஒரு மணி நேரம் பெர்மிஷன் குடுத்திருக்காக. பதினாலு முடிஞ்சிட்டுல்லா, இப்ப என்னைய ஷெட்டுக்குள்ளயே விடுதாக.” பிளாஸ்டிக் கவரிலிருந்து தம்முடுவின் பிறப்புச் சான்றிதழை எடுத்து, மடிப்பை நீவி, என் முன்னால் வைத்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற அம்மாக்கள் எப்படி வைத்தார்களோ அப்படி.

நான் எழுதினேன்.  ஹெச்.எம். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகும் அவள் போகவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று செத்த நேரம் நின்றாள்.

“மேடம், காலைல கேட்டு முன்ன மாதிரிதான தொறக்கீக? இவன விட்டுட்டு நான் ஆறு மணிக்கு அங்க நிக்கணும்.”

“அஞ்சே முக்காலுக்குத் தொறந்துரும் தாயி” என்றார் ஹெச்.எம்.

“சனிக்கிழமையும் நிச்சயமா உண்டா?”

அவள் குத்திக் கேட்கவில்லை. குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓட வேண்டிய ஒரு அம்மா கேட்கிற சாதாரணக் கேள்வியாகத்தான் கேட்டாள். ஹெச்.எம். என் பக்கம் திரும்பினார். “உண்டு, நாங்க யாராவது ஒரு ஆளு கட்டாயம் இருப்போம்” என்று நான் சொன்னேன். அவள் அதை நம்பலாமா என்று ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “அப்ப சரி டீச்சர், ஷிப்டுக்கு நேரமாச்சு” என்று சொல்லி, தம்முடுவின் கையை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.